கற்பனை மொழிக்கு மூதாதை மொழி: கேள்வி பதில்

கே: அண்ணா, என் கதைக்காக ஒரு மொழி உருவாக்குகிறேன். அதற்கு மூல மொழி அவசியமா?

ப: மொழி ஒன்றுதான் என்றால் அவசியமில்லை தம்பி. உறவு மொழிகள் இரண்டு வேண்டுமென்றால் மூலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தன் கதைகளுக்காக உருவாக்கிய எல்ஃப் மொழிகளில் அன்னத்துக்கு மூலச்சொல் 'அல்க்வா'. அவற்றில் ஒன்றான க்வென்யாவில் அது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதன் உறவு மொழியான சிந்தாரினில் 'க்வ' முதலில் 'ப' ஆனது. பிறகு 'ல்'லை அடுத்த 'ப' 'ஃப' ஆனது. கடைசி உயிர் உதிர்ந்து 'அல்ஃப்' என்று நின்றது. முதல் இரண்டு விதிகளை இடம் மாற்றிப் போட்டால் 'அல்ப்'தான் வரும். ஆகவே விதிகளை வரிசை எண் போட்டு எழுதி வையுங்கள்.

கே: எத்தனை சொல் வேண்டும்?

ப: எண்ணிக்கையை விடுங்கள். உறவுமுறை, உடலுறுப்பு, நீர், நெருப்பு, எண்கள். இதில் தொடங்குங்கள்.

கே: இயல்பாகத் தெரிய, விதிக்கு அங்கங்கே விலக்கு வைக்கலாமா?

ப: காரணமில்லாமல் வைக்காதீர்கள். கன்னடத்தில் 'கிவி', நமக்குச் 'செவி'. அங்கே 'கெம்பு', இங்கே 'செம்மை'. இ, எ போன்ற உயிர்களுக்கு முன் பழைய 'க' தமிழில் 'ச' ஆகிவிட்டது. ஆனால் கெடு, கேள், கிளி மாறவில்லையே, ஏன்? அடுத்து நிற்பவை ட, ள போன்ற நாவளை ஒலிகள். அவை மாற்றத்தைத் தடுத்தன. விலக்கு போலத் தெரிந்தது விதியின் நிபந்தனைதான். இந்த அழகு உங்கள் மொழியிலும் வர வேண்டும்.

கே: ஐயா, செவிதான் கிவி ஆகியிருக்கும். தமிழ்தானே தாய்?

ப: இல்லை ஐயா. இ, எ முன் 'க' மெலிந்து 'ச' பக்கம் போவது உலகெங்கும் நடப்பது. லத்தீன் 'கென்டும்' இத்தாலியத்தில் 'சென்ட்டோ' ஆனதும் அப்படித்தான். எதிர்த்திசையில் போவது மிக அரிது. இந்த இடத்தில் பழையதைக் காத்தது கன்னடம்.

கே: அப்படியானால் கன்னடம்தான் மூத்ததா?

ப: அதுவும் இல்லை. பால், பத்து என்ற நம் சொற்கள் அங்கே ஹாலு, ஹத்து. இங்கே பழையதைக் காத்தது தமிழ். இரண்டுமே திராவிட மொழிகளுக்கெல்லாம் மூல மொழியான தொல் திராவிடத்தின் பிள்ளைகள். ஒரு மொழியின் பெருமையை இன்னொன்றுக்குத் தாயாக்கித்தான் நிலைநாட்ட வேண்டுமா? சங்கப் பாடல்கள் நம்மிடம் இருக்கின்றன, அது போதாதா?

கே: சார், தமிழையே மூதாதையாக வைத்து ஒரு மொழி...

ப: தாராளமாகச் செய்யுங்கள். தாய் யார் என்ற வாதத்துக்கு மேலே பதில் சொல்லிவிட்டேன், மறுபடி வேண்டாம்.

கே: விதிகளின் வரிசை அவ்வளவு முக்கியமா?

ப: முக்கியம். 'அல்ஃப்'பைப் பாருங்கள்.

கே: மொழியை ஏற்கெனவே முடித்துவிட்டேன். இனிப் பின்னோக்கி மூலத்தை அமைக்கலாமா அண்ணா?

ப: அமைக்கலாம் தம்பி, உழைப்பு கூடுதல். நம்மில் பலர் பேச்சில் ழ, ள இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பேச்சை மட்டும் கேட்பவருக்கு 'பளம்' என்ற சொல்லில் முதலில் இருந்தது ழ, ள இரண்டில் எந்த எழுத்து என்று பிடிபடாது. உங்கள் மொழியிலோ தீர்ப்பு உங்கள் கையில். இப்போதுள்ள ஒரே 'ள'வில் பாதிச் சொற்களுக்கு மூலத்தில் வேறு ஒலி கொடுங்கள். தங்கை மொழியில் அந்த ஒலியை 'ய' ஆக்குங்கள். இரண்டும் உறவென்று வாசகரே கண்டுபிடிப்பார்.