வடமும் முட்டுக்கட்டையும் (கடிதம்)

வணக்கம் சார்,

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் வளரறி மதிப்பீட்டுக்காக எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஒரு குழுச் செயல்திட்டம் கொடுத்தேன். 36 பிள்ளைகள், ஆறு ஆறு பேராகப் பிரித்தேன். எல்லாக் குழுவிலும் ஒரே கதை. நன்றாகப் படிக்கும் ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்து சார்ட் முழுக்க எழுதிக்கொண்டு வந்துவிடுகிறாள், மற்ற ஐந்து பேர் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?’ என்று எழுதச் சொன்னேன். பாதிப் பேருக்கு மேல் ‘ஒற்றுமையே பலம்’ என்று எழுதியிருந்தார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

நான் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் பிள்ளைகள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பரீட்சை வாடை அடிக்கிற கேள்விக்குப் பரீட்சை பதில்தான் வரும். நானும் அந்த ஐந்து பேரில் ஒருவன்தான். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் குழு செய்த எரிமலை மாடலுக்கு நான் வாங்கிக்கொண்டு போனது ஒரு தெர்மாகோல் அட்டை, அதுவும் பஸ்ஸில் ஓரம் உடைந்துபோனது. பெயர்ப் பட்டியலில் அகர வரிசைப்படி என் பெயர்தான் முதலில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதைச் சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ரிங்கல்மன் என்று பிரான்சில் ஒரு வேளாண் பொறியாளர். ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு விசையை அளந்தவர், 1913-இல் அதை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆளுக்கு வந்தது. எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததுதான் காரணமோ என்று தோன்றும். 1974-இல் அமெரிக்காவில் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்து, உண்மையில் ஒருவரை மட்டும் இழுக்கவிட்டால் அப்போதும் பலம் குறைகிறது! பின்னால் ஆள் இருக்கிறது என்ற நினைப்பே கையைத் தளர்த்திவிடுகிறது.

தேர் இழுத்த எவருக்கும் இது தெரிந்த விஷயம். வடத்தைச் சும்மா பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் ஒரு நிமிடம் வேடிக்கை பார்த்தால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறிவிடும். நம் செயல்திட்டங்களில் ஆறு பேருக்கும் வடத்தைக் கொடுக்கிறோம், முட்டுக்கட்டையை யாரிடமும் கொடுப்பதில்லை. சார்ட் எழுதுவது ஒரே ஆள் ஓர் இரவில் முடித்துவிடக்கூடிய வேலை. அப்புறம் அவள் முடிக்காமல் என்ன செய்வாள்?

1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில், வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்காரவைத்தபோது பெரிய தகராறு. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவரும் அவருடைய பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து ஒரு வழி செய்தார்கள். பாடத்தைத் துண்டு போட்டு, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுவிலிருந்தும் எழுந்துபோய்த் தனியாகக் கூடிப் படிக்க வேண்டும், திரும்பி வந்து தம் குழுவுக்குச் சொல்லித்தர வேண்டும். பரீட்சை முழுப் பாடத்திலும். ஒரு பாடம், அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை. ஸ்பானிஷ் பேசும் வீட்டிலிருந்து வந்த பையன் ஒருவன் தன் துண்டைச் சொல்லமுடியாமல் திணற, மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். கிண்டல் செய்தால் அந்தப் பகுதி உங்களுக்குத் தெரியாமலே போகும், பரீட்சை வரப்போகிறது என்று ஆரன்சனோடு வந்தவர்கள் நினைவூட்டினார்கள், அவ்வளவுதான். மெல்ல மெல்ல மற்றப் பிள்ளைகள் அவனிடம் கேள்வி கேட்டு வாங்கப் பழகிக்கொண்டார்கள். அறிவுரையால் வந்த மாற்றம் இல்லை இது. அவனிடம் இருந்தது வேறு யாரிடமும் இல்லை.

உங்கள் ஏரிக்கு வருவோம். ஒருவர் மதகையும் வாய்க்காலையும் பார்த்து வரைய வேண்டும், இன்னொருவர் ஊர்ப் பெரியவர்களிடம் முன்பு தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்க வேண்டும், மற்றொருவர் இப்போது ஏரியில் என்ன கொட்டுகிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். மூன்று துண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். ஏன் இரண்டு என்றால், நம் பள்ளிகளில் திருவிழா, காய்ச்சல், நடவு என்று யாராவது வராமல் போவார்கள், துண்டு காணாமல் போய்விடும். (தண்ணீரோரம் போகும்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) பெண்பிள்ளைகள் எழுத, பையன்கள் மேடையில் பேச என்கிற பழைய பங்கீட்டையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடலாம்.

சரி, அந்த ‘என்ன கற்றுக்கொண்டாய்’. அதை முடிவில் கேட்காதீர்கள். எல்லாம் முடிந்தபிறகு யோசித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பாதி வேலை நடக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பத்து நிமிடம் போதும். பாடம் கேட்காதீர்கள், சம்பவம் கேளுங்கள். இந்த வாரம் எந்த இடத்தில் வேலை நின்றது? நீ சொன்னதை யாராவது மறுத்தார்களா, அப்புறம் யார் சொன்னபடி செய்தீர்கள்? திங்கட்கிழமை எதை மாற்றிச் செய்யப்போகிறாய்? இதற்கு ‘ஒற்றுமையே பலம்’ என்று பதில் எழுத முடியாது. எழுதத் தடுமாறும் பிள்ளை பக்கத்தில் இருப்பவனிடம் வாயால் சொல்லட்டும். மதிப்பெண் மட்டும் வேண்டவே வேண்டாம். மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் சண்டையை மறைத்துவிடுவார்கள், நமக்கு வேண்டியதோ அந்தச் சண்டைதான். முதல்முறை ஒன்றும் வராது, இரண்டு வரி வந்தால் பெரிது. நீங்களும் உங்கள் பங்குக்கு ஒன்று சொல்லிப்பாருங்கள், ‘குழு பிரித்ததில் நான் செய்த தப்பு’ என்று. அதன்பிறகு வாய் திறப்பார்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் தானே எழுதும் அந்தப் பெண். அவளைப் பாவம் என்று மட்டும் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. மற்றவர்கள் எழுதினால் கோணலாகிவிடும் என்ற பயமும் அவளுக்கு இருக்கும், நாமும் அழகான சார்ட்டுக்குத்தானே இத்தனை வருஷம் ‘வெரி குட்’ போட்டோம். அடுத்தமுறை அவளைப் பெரியவர்களிடம் கேள்வி கேட்கும் வேலைக்கு அனுப்புங்கள், ஸ்கெட்ச் பேனா வேறு யார் கையிலாவது இருக்கட்டும். எழுத்துப்பிழையோடுதான் வரும். அப்படியே சுவரில் ஒட்டுங்கள்.