பழைய மீன் தொட்டியை உப்புநீருக்கு மாற்றுவது: டர்பன் நண்பர்களின் கேள்விகள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, 200 லிட்டர் தொட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. நன்னீர் மீன் வளர்த்த தொட்டி. மேல் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை.

அது சுண்ணாம்புப் படிவம். பலத்தைக் காட்ட வேண்டாம், வினிகரே கரைத்துவிடும். தொட்டியைச் சாய்த்து வைத்து, வெள்ளை வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் அதன்மேல் ஒட்டி வையுங்கள். மிச்சத்தைப் பிளேடால் எடுக்கலாம். மூலையில் கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசை மேல் மட்டும் பிளேடு படக் கூடாது. அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடே வேண்டாம், பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். சோப்பு எதற்கும் வேண்டாம்.

பீனிக்ஸிலிருந்து: ஜிக் (குளோரின் ப்ளீச்) ஊற்றிக் கழுவலாமா?

வாசனை சேர்க்காத சாதா ஜிக் என்றால் சரி. ஆனால் வினிகரை முழுக்கக் கழுவிய பிறகுதான். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், விளையாட்டு இல்லை. பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கலந்து, கால் மணி நேரம் விட்டு, நாலைந்து முறை அலசுங்கள். கடைசி அலசலில் குளோரின் நீக்கியைத் தாராளமாகச் சேர்த்து, அப்புறம் வெயிலில் காய வையுங்கள். வாடை துளியாவது இருந்தால் திரும்ப அலச வேண்டும்.

டோங்காட்டிலிருந்து: முன்பு வைத்திருந்தவர் வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஏதோ மருந்து ஊற்றினாராம். சிலிக்கானில் நீலக் கறை இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

கறையைப் பார்த்து அல்ல. அது பெரும்பாலும் மெத்திலீன் புளூ என்ற மீன் மருந்தின் சாயம், பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது செம்புக்கு, அது கண்ணுக்கே தெரியாது. வெள்ளைப்புள்ளிக்கும் நத்தைகளை ஒழிக்கவும் விற்கும் மருந்துகள் பலவற்றில் செம்பு உண்டு. மீன் தாங்கும் அளவே இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். அதனால் முதலில் அவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். செம்பு என்றால் பழைய கல்லையும் மணலையும் தூக்கிப் போடுங்கள், சுண்ணாம்புக் கல் அதை உறிஞ்சி வைத்துப் பிறகு மெல்ல விடும். தொட்டியைக் கழுவி, உப்புநீர் நிரப்பி ஒரு வாரம் ஓடவிட்டு, உப்புநீருக்கு ஏற்ற செம்புச் சோதனை செய்து பாருங்கள். செம்பு காட்டினால் அதை உறிஞ்சும் பிசினை (ரெசின்) பில்டரில் வைத்து, நீரை மாற்றி, மறுபடி சோதியுங்கள். அப்படியும் போகவில்லையா? அந்தத் தொட்டியில் மீன் மட்டும் வையுங்கள். பவள ஆசைக்கு வேறு தொட்டி பாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: பழைய பில்டர் பஞ்சில் நல்ல பாக்டீரியா இருக்குமே, வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். திடீர் உப்பில் அவை பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது, செத்து அழுகி, மீனுக்கு நஞ்சான அம்மோனியாதான் கூடும். பஞ்சைப் புதிதாக மாற்றுங்கள். பம்பும் ஹீட்டரும் வினிகர்க் கழுவலோடு தப்பிக்கும். துருப்பிடிக்கும் கம்பியோ கிளிப்போ நீரில் படக் கூடாது. அந்த நஞ்சை நீக்கும் பாக்டீரியா மறுபடி வளர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும்வரை மீன் வாங்காதீர்கள்.

அம்லங்காவிலிருந்து: கடல் பக்கத்திலேயே இருக்கும்போது உப்பு ஏன் வாங்க வேண்டும்?

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து நம் கடற்கரைகள் பல மூடப்பட்டதை மறந்துவிட்டீர்களா? மழைக்குப் பின், ஆற்று முகத்துவாரம் பக்கத்து நீரை நான் தொடவே மாட்டேன். ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை சேர்த்து, அடர்த்தி 1.025 வரும்படி பாருங்கள். இதற்கெல்லாம் முன், வெறும் குழாய்த் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் வெளியே வைத்துக் கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். கசிந்தால் உப்பையாவது மிச்சம் பிடிக்கலாம்.