நானே கட்டிய இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் வைத்ததும் மாஸ்ஃபெட் (மின் சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வெடிக்கிறது. ரெசனன்ஸ் கணக்கில் எங்கே தப்பு?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய இண்டக்‌ஷன் அடுப்புக் காயில் 100 மைக்ரோஹென்றி, இரண்டு 0.33 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், இரண்டு மாஸ்ஃபெட் மாறி மாறி ஆன் ஆகும் ஹாஃப் பிரிட்ஜ், 21 கிலோஹெர்ட்ஸில் ஓட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். ரெசனன்ஸ் (காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்து இயல்பாக ஊசலாடும் அதிர்வெண்) கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் அளந்தது வெறும் காயிலை.

பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று என்று இருக்கும் அந்த இரண்டு கெபாசிட்டரும் ஏசிக்கு இணையாகத்தான் தெரியும், ஆக 0.66. சூத்திரம் 1 ÷ (2 × பை × √(எல் × சி)). 100க்கு 19.6 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. இரும்புப் பாத்திரம் ஏறியதும் சுழல் மின்னோட்டத்தால் காயிலின் இண்டக்டன்ஸ் (எல்) இறங்கும். 80க்கு இறங்கினால் ரெசனன்ஸ் 21.9க்கு ஏறிவிடும். உங்கள் 21 அதற்குக் கீழே மாட்டிக்கொள்கிறது.

கீழே போனால் என்ன? கரண்ட் வோல்டேஜை முந்துகிறது. ஒரு மாஸ்ஃபெட்டின் உள் டயோடு இன்னும் கடத்திக்கொண்டிருக்கும்போதே எதிர் மாஸ்ஃபெட் ஆன் ஆகிறது. டயோடு அணைவதற்குள் 325 வோல்ட் டிசி முழுவதும் இரண்டின் வழியாகப் பாய்கிறது. எப்போதும் ரெசனன்ஸுக்கு மேலேயே ஓட்டுங்கள்.

சரியாக ரெசனன்ஸிலும் நிற்கக் கூடாது. அங்கே கரண்டைத் தடுப்பது பாத்திரத்தின் தடை மட்டும். அது 3 ஓம் என்றால் 7 கிலோவாட் இழுக்கும், கெபாசிட்டரில் ஏசி மட்டுமே 760 வோல்ட் உச்சம் ஏறும். அதே அமைப்பு 28 கிலோஹெர்ட்ஸில் சுமார் 1,650 வாட்தான். கெபாசிட்டர் 1200 வோல்ட் பாலிபுரோப்பிலீனாக இருக்கட்டும். பாலியெஸ்டர் சூடாகியே செத்துவிடும்.

அளக்கும் முறை: காயிலை போர்டிலிருந்து கழற்றி, நீங்கள் சமைக்கப்போகும் அதே பாத்திரத்தை மேலே வையுங்கள். 0.66 மைக்ரோஃபாரட்டையும் 10 ஓம் ரெசிஸ்டரையும் தொடராகச் சேர்த்து ஃபங்ஷன் ஜெனரேட்டரில் ஓட்டுங்கள். மொத்த வோல்டேஜும் ரெசிஸ்டர் வோல்டேஜும் ஸ்கோப்பில் ஒரே நேரத்தில் பூஜ்யத்தைக் கடக்கும் இடம்தான் ரெசனன்ஸ். பாத்திரம் மாறினால் அதுவும் மாறும்.

பிறகு பிரிட்ஜுக்கு 30 வோல்ட், 3 ஆம்பியர் லிமிட் வைத்த சப்ளை கொடுத்து, 35 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல இறக்குங்கள். இரண்டு மாஸ்ஃபெட்டும் சேரும் நடுமுனையை ஸ்கோப்பில் பாருங்கள்: ஒரு மாஸ்ஃபெட்டின் கேட் (அதைக் கட்டுப்படுத்தும் முனை) அணைந்து மற்றது ஆன் ஆவதற்கு முந்தைய டெட் டைமிலேயே வோல்டேஜ் தானாகச் சரிந்து முடிந்தால் நல்லது. மற்ற கேட் வரும்வரை அசையாமல் இருந்துவிட்டுச் சட்டென்று குதித்து அதிர்ந்தால் ரெசனன்ஸுக்குக் கீழே இறங்கிவிட்டீர்கள். உடனே அதிர்வெண்ணை ஏற்றுங்கள். மெயின்ஸில் ஓடும்போது டிஃபரன்ஷியல் ப்ரோப் இல்லாமல் இதைப் பார்க்க முயலாதீர்கள். கிரவுண்ட் கிளிப் பட்ட நொடியில் ஷார்ட் ஆகும்.