பவர் சப்ளை 13.8 வோல்ட் காட்டியும் சாயங்காலத்தில் என் எஸ்எஸ்பி குரல் உடைவது ஏன்?

கேள்வியின் சாரம்: உசிலம்பட்டிப் பக்கம், 100 வாட் ஹாம் ரிக் (அமெச்சூர் ரேடியோ அனுப்பி-வாங்கி), எஸ்எஸ்பி என்ற குரல் முறை, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய சப்ளை. பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் பேசினால் குரல் கரகரக்கிறது, பக்கத்து அலைவரிசையிலும் தெறிக்கிறது என்கிறார்கள்.

ரிக்கைத் திறக்காதீர்கள். அந்த 13.8 மைக் பட்டனை அழுத்தாதபோது இருப்பது. கேட்கும்போது ஓரிரு ஆம்பியர்தான். 100 வாட் அனுப்பும்போது 20 ஆம்பியர் இழுக்கும். சப்ளை 3 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 6 மீட்டர் ஒயர். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கிய 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு மீட்டருக்கு சுமார் 7 மில்லி ஓம். ஆக 0.8 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போச்சு. ஃபியூஸ் ஹோல்டரில் 10 மில்லி ஓம் லூஸ் இருந்தால் இன்னும் 0.2 வோல்ட், 4 வாட் சூடு. பேசி முடித்ததும் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திருடன் அங்கேதான்.

பவர் மட்டும் குறைந்தால் பரவாயில்லை. கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர் அலை சிதையாமல் தரும் உச்ச பவர், வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும். 13.8 போய் 11.8 வந்தால் 100 வாட் சுமார் 73 ஆகிவிடும். பவரைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஏஎல்சி சுற்றுக்கு இது தெரியாது. 100 வாட் வரட்டும் என்று டிரைவை, அதாவது கடைசிக் கட்டத்துக்குள் போகும் சிக்னலை, குறைக்காமல் விடும். குரல் அலையின் தலை தட்டையாகி, அதுவே தெறிப்பாக வெளியே போகும். எஃப்எம்மில் இந்தக் கோளாறு காதுக்குத் தெரியாது, அலையின் உயரம் அங்கே மாறுவதே இல்லை.

சாயங்காலம் மட்டும் வருவதால் எனக்குச் சந்தேகம் டிரான்ஸ்ஃபார்மர் மேல்தான். 18 வோல்ட் செகண்டரி என்று வைத்துக்கொள்வோம். பம்புசெட்டுகளின் பளுவில் மெயின்ஸ் 230இலிருந்து 180க்கு விழுந்தால் அது 14 ஆகும், உச்சம் 20. பிரிட்ஜ் டயோடுகளில் 2 போகும், கெப்பாசிட்டரில் ரிப்பிள் (ஏற்ற இறக்கம்) 3 போகும், அடிப்பள்ளத்தில் மிச்சம் 15. ரெகுலேட்டருக்கோ 16க்கு மேல் வேண்டும். பிடி நழுவி, 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் குரலோடு சேர்ந்து போகிறது.

டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்), சிடபிள்யூ (மோர்ஸ்) மோடில் 10 விநாடி கீ அழுத்தி, ரிக்கின் பின்பக்க சொருகியில் மல்டிமீட்டர் வையுங்கள். குரலில் பார்த்தால் மீட்டர் பின்தங்கிவிடும். 13க்குக் கீழே போனால், மறுபடி அதேபோல் கீ அழுத்தி, மீட்டரின் ஒரு முனையை சப்ளை பிளஸ்ஸிலும் மறுமுனையை ரிக் பிளஸ்ஸிலும் வையுங்கள். காட்டுவது அந்த ஒயரின் இழப்பு. மைனஸிலும் அப்படியே. இரண்டிலும் இழப்பு இல்லையென்றால் குற்றவாளி சப்ளையேதான்.

ஒயருக்கு 6 ஸ்கொயர் எம்எம் மல்டி ஸ்ட்ராண்ட் செம்பு, ஒன்றரை மீட்டருக்குள், லக் வைத்து கிரிம்ப் செய்தது. முறுக்கி டேப் சுற்றியது வேண்டாம். சப்ளைக்கு, லேபிளில் உள்ளீடு 170 அல்லது 180 வோல்ட்டில் தொடங்கும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை சப்ளை). ஈடுகட்ட சப்ளையை 15 வோல்ட்டுக்குத் திருகும் வேலை மட்டும் கூடாது.

அதுவரை 60 வாட்டில் பேசுங்கள், ஸ்பீச் பிராசசரை (குரலை அமுக்கி உரக்கக் காட்டும் வசதி) அணைத்துவிட்டு. எதிர்முனையின் சிக்னல் மீட்டரில் அரை எஸ் புள்ளிகூட இறங்காது.