56-க்கு 41

வணக்கம் சார்,

சேலத்தில் நர்ஸாக இருக்கிறேன். 2021 மே மாதம், கொரோனா வார்டில் நைட் ட்யூட்டி. ஒரு பெரியவரின் ஆக்சிஜனை எடுத்து வேறொருவருக்கு வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். விடியற்காலையில் அந்தப் பெரியவர் இறந்துவிட்டார். அவர் மகன் வெளியே புளியமரத்தடியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "ராத்திரி பூரா கண்ணு முழிச்சுப் பாத்துக்கிட்டீங்க, நீங்க நல்லா இருக்கணும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். போன மாதம் ஒரு கவுன்சிலர் 14 கேள்விகள் கொடுத்து டிக் போடச் சொன்னார். 56-க்கு 41 வந்தது. மனசாட்சிக்கெல்லாம் மார்க் போட முடியுமா சார்?

ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

பரீட்சை மார்க் என்று நினைத்துவிட்டீர்கள் போல. நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அந்தத் தாள் கேட்கவே இல்லை. அது இன்று உங்களை என்ன பாடு படுத்துகிறது என்பதற்குத்தான் அந்த 41.

இப்படிப் பிரித்துக் கேட்கவே பல வருஷம் ஆயிற்று. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜோனதன் ஷே, மேலே இருப்பவர்கள் நியாயம் தவறும்போது சிப்பாயின் மனம் எப்படி முறிகிறது என்று 1994-இல் எழுதினார். 2009-இல் உளவியலாளர் பிரெட் லிட்ஸ் குழுவினர் தானே செய்தது, தடுக்காமல் விட்டது, கண்ணால் கண்டது எல்லாவற்றையும் இதில் சேர்த்தார்கள். இங்கிலீஷில் 'மாரல் இஞ்சுரி' என்பதை அறக்காயம் என்று சொல்லலாம். 2013-இல் ஒன்பது கேள்விகளோடு ஒரு அளவுகோல் வந்தது. அதில் ஒரு கோளாறு. 'என் மனசாட்சிக்கு விரோதமாக நடந்துகொண்டது என்னை வருத்துகிறது' என்ற மாதிரி வாக்கியங்கள். செய்யாதவனும் 'இல்லை' என்பான், செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவனும் 'இல்லை' என்பான்!

உங்களிடம் கொடுத்தது 2022-இல் லிட்ஸ் குழு கொண்டுவந்த தாளாக இருக்கும். நடந்ததைத் தனியாகக் கேட்டுவிட்டு, விளைவை மட்டும் அளக்கிறது. ஏழு கேள்விகள் தன்னை நினைத்தே கூசுவது பற்றி, ஏழு மற்றவர்கள் மேல் நம்பிக்கை போனது பற்றி. ஆகவே 41-ஐ இரண்டாகப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். 'வைக்கச் சொன்னார்கள்' ஒரு பக்கம், 'வைத்தேன்' இன்னொரு பக்கம்.

தமிழில் எப்படிக் கேட்டார்கள் என்பதும் முக்கியம். வெட்கம் என்று போட்டிருந்தால் பெண் பார்க்க வந்தபோது வந்ததும் வெட்கம்தான். அவமானம் என்றால் அடுத்தவர் செய்தது. முகம் பார்க்கக் கூசுகிறதா என்று கேட்டால் நம் ஊரில் யாருக்கும் புரியும்.

எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதினேன். சாயந்திரம் பழச் சாக்குகளை எடை போடுவோம். ஈரத்துக்கென்று சாக்குக்கு இரண்டு கிலோ கழிக்கச் சொல்லியிருந்தார்கள், வெயில் காய்ந்த நாளிலும். ஒரு அம்மா தராசு முள்ளைப் பார்க்கவே மாட்டார். "தம்பி போட்டா சரியா இருக்கும்" என்பார். அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கென்று (பி.டி.எஸ்.டி.) கெட்ட கனவு, திடுக்கிடல் என்று கேட்கிற தாளில் எனக்கு அனேகமாகப் பூஜ்யம்தான் வரும். ஆனால் இன்றும் காய்கறிக் கடையில் எடை போடும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

வாழ்ந்து என்ன என்ற நினைப்பு எப்போதாவது வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் ஒன்று. ஆக்சிஜனை எடுத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். புளியமரம், செருப்பு, அவர் சொன்ன வார்த்தை என்று கும்பிட்டதைத்தான் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கவுன்சிலரிடம் சொன்னீர்களா?