ஜெனரேட்டர் வாங்கியாகிவிட்டது, சுவிட்ச் எது?

கேள்வி: 2018 கஜா புயலில் பல நாள் மின்சாரமின்றித் தவித்ததால், இப்போது 3 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. வீட்டை இ.பி. மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சைக் கடையில் கேட்டேன். குமிழைத் திருகும் சுவிட்ச் ஒன்றைக் கொடுத்தார்கள். எலக்ட்ரீஷியனோ, "அதெல்லாம் வீண் செலவு, மெயினை அணைத்துவிட்டு, இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயரைச் சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் செருகினால் வீடு முழுக்க கரண்ட் வரும்" என்கிறார். எதைக் கேட்பது?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: எலக்ட்ரீஷியன் சொன்னதை அடியோடு விட்டுவிடுங்கள். அந்த வயரின் ஒரு முனை ஜெனரேட்டரில் இருக்கும்போது மறுமுனையின் பின்களில் 230 வோல்ட் வெறுமனே நிற்கும். கை பட்டால் போதும். அதைவிடப் பெரிய ஆபத்து, மெயினை அணைக்க ஒருவர் மறந்துவிடும் நாளில் நேரும். தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு அனுப்புவதைப் போலவே, வீட்டிலிருந்து திரும்பிப் போகும் 230 வோல்ட்டை அதே விகிதத்தில் உயர்த்தியும் அனுப்பும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் அதில் போகலாம். தெருவின் சுமையைத் தாங்காமல் ஜெனரேட்டர் தானே நின்றுவிடும் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. புயலில் கம்பி அறுந்து, உங்கள் வீட்டோடு இரண்டொரு வீடுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு லைனில் அது நிற்காமலே ஓடும்.

ஆகவே, இரண்டு மின்வழிகளும் ஒரே நேரத்தில் வீட்டோடு சேரவே முடியாதபடி அமைப்பிலேயே தடுக்கும் சுவிட்ச் வேண்டும். சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு அது டபுள் போல் சேஞ்ச்ஓவர்: ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றும், நடுவில் இரண்டுமே இணையாத நிலை ஒன்று இருக்கும். உங்களுக்குக் கொடுத்தது மூன்று ஃபேஸில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் செலக்டராக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். திருகு வடிவிலும் நல்ல சேஞ்ச்ஓவர்கள் வருவதால் தோற்றத்தை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். பின்புறம் வயர் மாட்டும் இடங்களை எண்ணுங்கள். இ.பி.க்கு இரண்டு, ஜெனரேட்டருக்கு இரண்டு, வீட்டுக்கு இரண்டு என ஆறு இருக்க வேண்டும். செலக்டர் ஃபேஸை மட்டுமே மாற்றும். நியூட்ரல் தெருக் கம்பியோடு ஒட்டியபடியே இருக்கும்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தருவது சுமார் 13 ஆம்பியர் என்பதால் 16 ஆம்பியர் சுவிட்ச் போதும் என்று கடையில் சொல்வார்கள். ஆனால் மெயினுக்கு அடுத்துப் பொருத்தும் சுவிட்ச் வழியாக வருடம் முழுவதும் ஓடப்போவது இ.பி. மின்சாரம்; ஏ.சி.யும் ஹீட்டரும் ஒன்றாக ஓடும் நாளில் அது கருகிவிடும். உங்கள் மெயின் எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) 40 ஆம்பியர் என்றால் சுவிட்ச் அதற்குக் குறையக் கூடாது. என்னைக் கேட்டால், விளக்கு, மின்விசிறி, பிரிட்ஜ் ஆகியவற்றின் சர்க்யூட்டுகளை மட்டும், அவற்றின் நியூட்ரலோடு தனியே பிரித்து, அந்தப் பகுதிக்கு மட்டும் சேஞ்ச்ஓவர் வைப்பதே மேல். மோட்டார்கள் கிளம்பும்போது ஓடும்போதையதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். பிரிட்ஜ் ஓடும்போது தண்ணீர் மோட்டாரையும் போட்டால் இந்த ஜெனரேட்டர் திணறும்.

ஜெனரேட்டரை இணைக்க, வெளிச்சுவரில் மூடியுள்ள 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக் பெட்டி ஒன்றைப் பதிக்கச் சொல்லுங்கள். பின்கள் சுவர்ப் பெட்டியிலும் துளைகள் வயர் முனையிலும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் பழைய ஆபத்தேதான். வயர் 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் செம்பாக இருக்கட்டும். பெட்டியின் இடத்தைப் புகையை வைத்து முடிவுசெய்யுங்கள். ஜெனரேட்டரின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது என்பதால், போர்டிகோவிலோ ஜன்னலடியிலோ வைக்காமல், குறைந்தது 20 அடி தள்ளி வைக்கும்படி இருக்க வேண்டும். எர்த்தும், ஜெனரேட்டர் நியூட்ரலை எர்த்தோடு இணைப்பதும் சரியாக இல்லாவிட்டால், ஜெனரேட்டரில் ஓடும்போது, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உங்களைக் காப்பாற்றாமல் போகலாம். இதை உரிமம் பெற்ற கம்பியாளரிடமே விடுங்கள். உங்கள் எலக்ட்ரீஷியனிடம் உரிமத்தைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

கொடுத்த சுவிட்ச் செலக்டர்தான் என்றால் பில்லைப் பாருங்கள். பில்லில் சேஞ்ச்ஓவர் என்று எழுதி வேறொன்றைக் கொடுத்திருந்தால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற முத்திரையைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. பில்லே தரவில்லை என்றால், அதுவே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று ஃபேஸ் இணைப்பு. சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டரை வைத்து எல்லா அறைகளுக்கும் மின்சாரம் தர முடியுமா? தானாக மாறும் சுவிட்ச் வாங்கலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தர முடியும். மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் ஃபோர் போல் சேஞ்ச்ஓவரில், ஜெனரேட்டர் பக்கம் மட்டும் மூன்று ஃபேஸ் முனைகளையும் ஒன்றாக இணைப்பது வழக்கம். அப்படிச் செய்தால் மூன்று ஃபேஸ் மோட்டாரோ ஏ.சி.யோ ஜெனரேட்டரில் ஓடாது. மூன்று முனைகளிலும் ஒரே ஃபேஸ் வருவதால் அவற்றுக்கு இடையே வோல்டேஜே இருக்காது. ஆகவே அவற்றை சேஞ்ச்ஓவருக்கு முன்பே தனியாகப் பிரித்துவிட வேண்டும். தானாக மாறும் சுவிட்ச், தானாகக் கிளம்பும் ஜெனரேட்டருக்குத்தான் பயன்படும். கயிறு இழுத்துக் கிளப்புவதாக இருந்தால், எப்படியும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். கையால் மாற்றும் சுவிட்சே போதும்.