ஆள் இருக்கும் வீட்டை விற்பதா, காலி செய்த பிறகு விற்பதா: கேள்வி பதில்

வாடகை வழக்குகளை 22 வருடங்களாக நடத்தி வருகிறேன். கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டு நகர்ப்புற வீடுகளுக்கு மட்டும்.

கேள்வி: வாடகை 18,000. 5 மாதமாகத் தரவில்லை. 1 லட்சம் அட்வான்ஸ் என்னிடம் இருக்கிறது. இப்படியே விற்றுவிடச் சொல்கிறார் புரோக்கர். ஆனால் வாங்க வருபவர், ஆள் இருப்பதால் 6 லட்சம் குறைத்துக் கேட்கிறார்.

முதலில் கணக்கைப் பாருங்கள். பாக்கி 90,000, அட்வான்ஸ் 1 லட்சம். அதாவது இன்று வரை உங்கள் கைக்காசு போகவில்லை, அடுத்த மாதத்திலிருந்துதான் போகும். வழக்கு இழுத்து இழுத்து இன்னும் 18 மாதம் ஓடினாலும் வாடகை நட்டம் 3,24,000. வக்கீல் செலவைச் சேர்த்தாலும் 6 லட்சம் வராது. அந்த 6 லட்சம் உங்கள் மன உளைச்சலுக்கு அவர் வைத்த விலை. அவசரக் கடன், மருத்துவச் செலவு என்று கழுத்தை நெரிக்கும் காரணம் இருந்தால் வேறு பேச்சு, இல்லையென்றால் காலி செய்த பிறகு விற்பதுதான் உங்களுக்கு லாபம்.

அப்புறம், கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லை. உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமை, பொறுப்புகளைப் பற்றிய தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, அந்தச் சட்டப்படி அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தமே போடவில்லை என்றால் அதுவே காலி செய்யக் கேட்க ஒரு காரணம். ஒப்பந்தம் இருந்தால் 2 மாத பாக்கி போதும், ஆனால் முறைப்படி நோட்டீஸ் அனுப்பி ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அதற்குள் வட்டியோடு முழுவதும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. வாட்ஸ்அப்பில் "பணம் எப்போ சார்?" என்று கேட்டதெல்லாம் நோட்டீஸ் ஆகாது. ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்புங்கள். இதெல்லாம் முடியும் வரை கரண்ட், தண்ணீர், பூட்டு மூன்றிலும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டை விற்றுவிட்டால் வாடகைதாரர் தானாக வெளியேற வேண்டியதுதானே?

இல்லை. சொத்து மாற்றச் சட்டம் 109ஆம் பிரிவுப்படி வாங்கியவர் உங்கள் இடத்தில் வந்து உட்காருகிறார், குடித்தனம் அப்படியே தொடரும். கிரயத்துக்கு முந்தைய வாடகை பாக்கியும் தானாக அவருக்குப் போகாது. அது யாருக்கு என்பதைக் கிரயப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள். விற்ற அன்றே வாடகைதாரருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விற்றது தெரியாமல் அவர் பழைய உரிமையாளரிடம் வாடகையைக் கொடுத்துவிட்டால் அவரை மறுபடி கேட்க முடியாது.

கேள்வி: 11 மாத ஒப்பந்தம்தான் போட்டிருக்கிறோம். அதைப் பதிய வேண்டியதில்லை என்கிறார்களே?

அது பழைய பழக்கம். ஒரு வருடத்துக்குக் குறைந்தால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேண்டாம் என்பதற்காக வந்த 11 மாதம் அது. புதிய சட்டத்தில் வாடகை அதிகாரியிடம் பதிவதற்கு மாதக் கணக்கு இல்லை, 11 மாதமானாலும் பதிய வேண்டும்.

கேள்வி: பேச்சுக்கு மசியவே இல்லை. ஒரு வாரம் கரண்ட்டை நிறுத்தினால் வழிக்கு வருவார் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

வேண்டாம். ஒருமுறை ஒருவர் என்னைப் பார்க்க வந்தபோது சட்டைப் பையில் பியூஸ் கட்டை இருந்தது. மேசையில் எடுத்து வைத்து "பிடுங்கிட்டு வந்துட்டேன் சார்" என்றார். நல்ல வழக்கு அவருடையது, பதிவு செய்த ஒப்பந்தம், 7 மாத பாக்கி. ஆனால் அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. மறுநாளே வாடகைதாரர் மனு போட்டார். பாக்கியைப் பற்றிப் பேச வேண்டிய வாய்தாவெல்லாம் பியூஸைப் பற்றிப் பேசியே போயிற்று. அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக்கூடாது என்று சட்டம் நேரடியாகவே சொல்கிறது. பூட்டை மாற்றி வெளியே தள்ளினால் அவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டுத் திரும்ப உள்ளே வரலாம், அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை.

கேள்வி: 14 வருடமாக இருக்கிறார். 12 வருடம் தாண்டினால் வீடு அவருக்கே சொந்தமாமே?

ஆகாது. வாடகைக்கு வந்தவர் உங்கள் அனுமதியோடு இருக்கிறார். அந்த 12 வருடக் கணக்கு எதிரிடை அனுபவத்துக்குத்தான், அதாவது உரிமையாளரின் உரிமையை மறுத்து இருப்பதற்கு. வாடகை ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: காலி செய்ய அவரே 1 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பல நேரங்களில் அதுதான் மலிவு.

கேள்வி: இது என்ன நியாயம் சார்? வாடகை தராதவனுக்கு நாம் பணம் கொடுப்பதா? நாளைக்கு எல்லாக் குடித்தனக்காரனும் இதையே கேட்பான்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அவர் செய்வது தவறுதான். ஆனால் நீங்கள் வீட்டை விற்கப் போகிறீர்கள், அடுத்த குடித்தனக்காரர் உங்களிடம் வரப்போவதே இல்லை. 1 லட்சம் என்பது உங்கள் 18,000 வாடகையில் ஐந்தரை மாதம். அதற்குள் வழக்கு முடியும் என்று எந்த வக்கீலாவது உறுதி கொடுத்தால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் வாடகைக்கு இருப்பவன். 9 வருடத்தில் ஒரு மாதம்கூட வாடகை தள்ளிப்போனதில்லை. விற்க வேண்டும் என்று 10 நாளில் காலி செய்யச் சொல்கிறார்கள். தினம் யாராவது பெல் அடித்து வீடு பார்க்க வருகிறார்கள். இங்கே எல்லோரும் எங்களைத் திருடன் மாதிரிப் பேசுகிறீர்கள்.

நீங்கள் சொல்வது சரி, இந்தப் பேச்சில் உங்கள் பக்கம் வராமலே போயிற்று. ஒழுங்காக வாடகை தருபவர் பிரச்சினை செய்பவர் அல்ல. உரிமையாளர் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லாமல் உள்ளே வரக்கூடாது. விற்கப் போகிறேன் என்பதற்காக மட்டும், ஒப்பந்தக் காலம் இருக்கும்போதே 10 நாளில் அனுப்பவும் முடியாது. உரிமையாளர்களுக்கும் சொல்கிறேன்: இப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டை வாடகை வருமானத்துக்காக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவரிடமே முதலில் கேளுங்கள், சில நேரம் அவரே வாங்கிக்கொள்வார். தகராறு செய்பவரையும் இவரையும் ஒரே தட்டில் வைத்துத்தான் பல பேர் நல்ல விற்பனையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: 11 மாதம் முடிந்துவிட்டது, இனி அவர் தானாகச் சட்டவிரோதம்தானே?

11 மாத ஒப்பந்தத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். காலம் முடிந்தாலும் உத்தரவு வாங்காமல் வெளியேற்ற முடியாது. கரண்ட், தண்ணீர், பூட்டு மூன்றிலும் இங்கேயும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ஒத்திக்கு விட்ட வீடு. 8 லட்சம் வாங்கியிருக்கிறேன்.

அது வாடகையே அல்ல, அடமானம். பணத்தைத் திருப்பித் தராமல் வீடு கைக்கு வராது. வாங்குபவரிடம் மறைக்காதீர்கள், கிரயத் தொகையிலிருந்து 8 லட்சத்தை நேராக ஒத்திதாரருக்குக் கொடுக்கும்படி ஒப்பந்தம் எழுதலாம்.

கேள்வி: என் தம்பி மாடியில் இருக்கிறான், வாடகை தருவதில்லை.

வீடு இருவருக்கும் பொதுவானால் அது பாகப்பிரிவினை விஷயம். சிவில் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: 3 மாதத்தில் காலி செய்து தருகிறேன் என்று கிரய ஒப்பந்தத்தில் எழுதி, வாங்குபவரிடம் அட்வான்ஸும் வாங்கிவிட்டேன். இப்போது வாடகைதாரர் பணம் கொடுத்தால்தான் போவேன் என்கிறார்.

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். காலி சுவாதீனம், அதாவது ஆள் இல்லாத வீடாக ஒப்படைத்துத் தருவதாகத் தேதி போட்டுக் கையெழுத்திட்டால், இரண்டு பக்கமும் உங்கள் கழுத்தைப் பிடிப்பார்கள். இன்றே வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லி எழுத்தில் தவணை வாங்குங்கள். வாடகைதாரரோடு சமரசம் பேசுங்கள். வழக்கு ஏற்கெனவே நடந்தால் சமரசத்தை நீதிமன்றத்திலேயே பதிவு செய்யுங்கள், அவர் வாக்குத் தவறினால் புது வழக்கு வேண்டியதில்லை, அந்த உத்தரவை நிறைவேற்றக் கேட்டு நேராக நிறைவேற்று மனு போடலாம்.

பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். காலி செய்யும் நாளில் நீங்களே போய் நில்லுங்கள். கடைசிச் சாமான் இறங்கும் வரை காசோலை உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு அறையாக நடந்து, மீட்டர் ரீடிங்கை ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மொட்டை மாடிச் சாவி, தபால் பெட்டிச் சாவி உட்பட எல்லாச் சாவியையும் எண்ணி வாங்கிக்கொண்டு, சுவாதீனம் ஒப்படைத்ததாக எழுதி வாங்கி, அப்புறம் காசோலையைக் கொடுங்கள். புதுப் பூட்டை அப்போது போடுங்கள்.